தத்துப்பூச்சி தாங்கும் தரிசுப் பருத்தி: ஆர்மூரியானத்தை நேராகச் சேர்ப்பதா, கருங்கண்ணி வழியாகவா?

தரிசுப்பருத்தி (நன்னிலம்)

வணக்கம். சம்பா அறுத்த வயலில் மாசியில் ஊன்றுகிற பருத்திக்கு முதல் எதிரி தத்துப்பூச்சிதான். ஊன்றி முப்பது நாளில் இலை ஓரம் மஞ்சளித்துக் கீழே வளைகிறது. பங்குனி முடிவதற்குள் ஓரம் செம்பு நிறமாகி, பிறகு கருகிவிடுகிறது. பி.டி. மரபணு காய்ப்புழுவுக்கானது; சாறு உறிஞ்சும் பூச்சியை அது தொடாது. அதனால் முதல் நாற்பது நாளுக்குள்ளேயே இரண்டு, மூன்று முறை மருந்தடிக்க வேண்டியதாகிறது.

காட்டுப் பருத்தி இனங்களில் ஆர்மூரியானம், ரைமண்டி இரண்டுக்கும் தத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் உண்டு. கோயம்புத்தூரில் இவற்றைச் சாகுபடிப் பருத்தியோடு சேர்த்தும் இருக்கிறார்கள். எங்கள் குழு முறையான பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் ஆர்மூரியானம் விதை வாங்கியிருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். 3 போன்ற தரிசு ரகத்தைத் தாயாக வைக்க எண்ணம். நேராகச் சேர்க்கலாமா, இடையில் பாலமாக ஒரு இனம் வேண்டுமா? எந்தப் பருவத்தில் செய்வது? செய்முறை தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை

முதலில் குரோமோசோம் கணக்கைப் பாருங்கள் தம்பி. நம் வயல் பருத்தியான ஹிர்சூட்டம் 52. அதற்குள் ஏ, டி என்று இரண்டு தொகுதி. ஆர்மூரியானம் 26, டி தொகுதி மட்டும். மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியா பக்கம் சான் மார்கோஸ் தீவுச் செடி அது. இரண்டையும் சேர்த்தால் 26-ம் 13-ம் கூடி 39 வரும். இந்த மும்மடியம், அதாவது மூன்று தொகுதிச் செடி, நன்றாக வளரும், பூக்கும், ஆனால் காய்க்காது. மகரந்தத்தில் பெரும்பகுதி சுருங்கிய சக்கைதான்.

குரோமோசோமை இரட்டிக்கும் கால்ச்சிசின் என்ற மருந்தை வைத்து இதை இரட்டித்தால் 78. அது காய்க்கும். அதை மறுபடி தாய் ரகத்தோடு சேர்த்தால் 65, இன்னொரு முறை சேர்த்தால் 52-க்கும் 65-க்கும் இடையில் ஏதோ ஒரு எண். அங்கிருந்து இரண்டு பிற்கலப்பில் (தாய் ரகத்தோடே மறுபடி சேர்ப்பதில்) 52-ல் நிலைக்கிற செடிகளைப் பொறுக்கலாம். இதுதான் நேர்வழி.

ஹிர்சூட்டத்தையே தாயாக வையுங்கள். எண் கூடுதலான இனம் தாயாக இருந்தால் காய் தங்கும் வாய்ப்பு அதிகம், வயல் பருத்தியின் சைட்டோபிளாசமும் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) அப்படியே நிற்கும். தலைகீழாகச் செய்தால் வேறு சிக்கல் வரலாம். ஹார்க்னெஸ்ஸி என்ற காட்டுப் பருத்தியின் சைட்டோபிளாசத்தில் ஹிர்சூட்டம் உட்கருவை ஏற்றினால் செடி ஆண்மலடாகிவிடும். 1975-ல் அமெரிக்க ஆய்வாளர் வெஸ்டா மேயர் கலப்பின விதை உற்பத்திக்கு என்றே வெளியிட்ட முறை அது. நமக்கு இங்கே அது தேவையில்லை.

நுண்ணோக்கி

வெண்ணாற்றங்கரை அய்யா சொன்ன கணக்கு சரி. ஆனால் நேர்வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

குணம் காட்டுக் குரோமோசோமிலிருந்து நம் குரோமோசோமுக்கு மாற வேண்டுமானால், மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும் குன்றல் பிரிவில் இரண்டும் ஜோடி சேர்ந்து துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். 78-ல் என்ன நடக்கிறது? ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலான இரட்டை பக்கத்திலேயே நிற்கிறது. ஆர்மூரியானம் தன் இரட்டையோடும், ஹிர்சூட்டம் தன் இரட்டையோடும் சேர்ந்துகொள்ளும்; அந்நியத்தோடு சேர்வது குறைவு. 65-ல் காட்டுத் தொகுதி 13-ம் பெரும்பாலும் தனியாக நிற்கும், அடுத்த தலைமுறையில் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். 52 வந்துவிட்டது என்று மகிழ்ந்தால் குணமும் கூடவே போயிருக்கும்.

கருங்கண்ணி வழியில் இது வேறு மாதிரி. கருங்கண்ணி என்பது ஆர்போரியம் இனத்து நாட்டுப் பருத்தி. ஆர்போரியம் 26, ஆர்மூரியானம் 26. சேர்த்தால் 26, இரட்டித்தால் 52. இந்தச் செயற்கை நான்மடியத்தை ஹிர்சூட்டத்தோடு சேர்க்கும்போது ஏ தொகுதி ஏ-யோடும், டி தொகுதி டி-யோடும் ஜோடி சேர்ந்தே ஆக வேண்டும். வேறு துணை கிடையாது. துண்டு மாறுவது இங்கேதான் தாராளமாக நடக்கும். 1940-ல் அமெரிக்க ஆய்வாளர் பீஸ்லி ஆர்போரியத்தையும் தர்பெரி என்ற டி தொகுதிக் காட்டு இனத்தையும் இணைத்து இரட்டித்து, அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்த முக்கலப்பு இதே வழிதான். அமெரிக்காவின் வலுவான இழை வரிசைகள் பலவற்றுக்கு அதுதான் மூலம்.

வெண்ணாற்றங்கரை

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருங்கண்ணியைப் பாலமாக்கினால் அதன் குட்டை இழையும் முரட்டுத்தனமும் கூடவே உள்ளே வரும். களைய வேண்டியது காட்டு இனத்தின் குணங்களை மட்டும் அல்ல, கருங்கண்ணியின் குணங்களையும்தான். மேலும் ஆர்போரியத்தின் ஏ தொகுதிக்கும் ஹிர்சூட்டத்தின் ஏ தொகுதிக்கும் இடையில் மூன்று இடமாற்றங்கள் (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருப்பது) உண்டு. அதனால் குரோமோசோம்கள் வளையமாகக் கோத்துக்கொள்ளும். காய் பிடிப்பு குறையும். ஹெர்பேசியம், அதாவது பழைய உப்பம் பருத்தி, இதில் ஒரு படி நல்லது, இடமாற்றம் இரண்டுதான்.

நடுவழி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. இரட்டிக்காத 39-லேயே ஹிர்சூட்டத்தின் டி-யும் ஆர்மூரியானத்தின் டி-யும் ஜோடி சேர்கின்றன. எதிர்பார்ப்பு 13 ஜோடி, 13 தனி. துண்டு மாறுவதற்கு இதைவிட நல்ல இடம் எது? எப்போதாவது குரோமோசோம் குறையாத சூல்முட்டை ஒன்று உருவாகும். அது வீணாகாமல் இருக்க, மும்மடியத்தில் தினமும் பூக்கிற எல்லாப் பூவுக்கும் தாய் ரகத்தின் மகரந்தத்தைத் தடவிக்கொண்டே இருங்கள். மாதக்கணக்கில் தடவினால் சில விதை கிடைக்கும். அந்தச் சில விதை, 78-லிருந்து வரும் கூடை விதையைவிட மதிப்பு. ஒரு கிளையை இரட்டிக்க விடுங்கள், மற்ற கிளைகளில் தடவல் நடக்கட்டும். இரண்டு பிற்கலப்பு தாண்டியும் குணம் ஒட்டவில்லை என்றால் பால வழிக்குப் போங்கள்.

நுண்ணோக்கி

அது நல்ல யோசனை. ஏற்கிறேன்.

தரிசுப்பருத்தி

நன்றி. பருவம்? எங்களுக்குப் பருத்தி என்றாலே மாசி முதல் ஆனி வரைதான்.

வெண்ணாற்றங்கரை

கலப்பை அந்தப் பருவத்தில் வைக்காதீர்கள். இரண்டு காரணம். மெக்சிகோப் பக்கத்துக் காட்டு இனங்கள் பல குறும்பகல் செடிகள். பகல் நீளும் சித்திரையில் தழைத்துக்கொண்டே போகும், சப்பை (பூமொட்டு) வைக்காது. அடுத்தது வெயில். 38 டிகிரியைத் தொடும் நாளில் மகரந்தம் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகையும் ஆகாது; நனைந்த மகரந்தம் வெடித்துவிடும். மீதி இருப்பது மார்கழி, தை. அதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

காட்டு விதைக்கு ஓடு கல் மாதிரி. அகன்ற முனையில் பிளேடால் லேசாகக் கீறி, வெள்ளைப் பருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டு ஊறவையுங்கள். கூர்முனையைக் கீறினால் முளைவேர் போய்விடும். ஆனியில் பெரிய தொட்டியிலோ சிமெண்ட் உறையிலோ நட்டுவிடுங்கள். தாய் ரகத்தைப் புரட்டாசிக் கடைசியிலிருந்து பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக மேட்டுப்பாத்தியில் ஊன்றுங்கள். விதைத்து 55, 60 நாளில் பூக்கும். ஏதோ ஒரு தவணை காட்டுச் செடியோடு ஒத்துவரும்.

மாலை 3 மணிக்கு மேல், மறுநாள் விரியப்போகும் சப்பையைத் தேடுங்கள். அதன் இதழ் பச்சைச் செதில்களைத் தாண்டி வெளிர்மஞ்சளாக, திருகிய நிலையில் எட்டிப்பார்க்கும். அந்தப் பக்குவம்தான் வேண்டும். அதைவிடச் சிறியதில் கை வைத்தால் காய் பிடிக்காது, உதிரும். கட்டைவிரல் நகத்தைப் புல்லிவட்டத்தின் அடியில் அழுத்திச் சுற்றிவர ஒரு கீறல் போட்டு, லேசாகத் திருகி மேலே இழுத்தால் இதழும் மகரந்தக் குழலும் தொப்பி கழன்றது போல ஒன்றாக வந்துவிடும். உள்ளே வழவழப்பான பச்சைச் சூலகமும் நடுவில் சூல்தண்டும் நிற்கும். சூலகத்தின் மேல் நகம் பட்டுக் கீறல் தெரிந்தால் அந்தப் பூவை அப்போதே கிள்ளி எறியுங்கள், வைத்திருந்து பயனில்லை. மூன்று பச்சைச் செதில்களும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். ஒட்டிய மகரந்தப்பை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கைக்கண்ணாடியில் (சிறு உருப்பெருக்கி) பார்த்துவிட்டுச் சிவப்புக் காகித உறையை மாட்டுங்கள். மறுநாள் பச்சைச் செடிக்குள் சிவப்பு பளிச்சென்று தெரியும், ஒன்றும் விடுபடாது.

காலை 9-லிருந்து 11-க்குள் தடவல். ஆண்செடிப் பூவையும் முந்தின மாலையே நூலால் கட்டி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து பூசிவிடும். ஆர்மூரியானம் பூ சிறியது. ஒரு பூவை ஒன்று, மிஞ்சினால் இரண்டு சூல்முடிக்குத்தான் வைத்துக்கொள்ளலாம். சூல்முடி முழுக்கச் சுற்றித் தடவி, வெள்ளை உறை மாட்டி, காம்பில் தேதிச்சீட்டு கட்டுங்கள்.

இனி உதிர்வு. கருவுறாத அல்லது பாதி விதையே உள்ள காய் மூன்றாம் நாளிலிருந்து விழும். அதைத் தடுக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலமும் 100 மில்லிகிராம் நாப்தலீன் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசல் வைக்கிறோம். ஜிப்ரலிக்கைக் கொஞ்சம் ஆல்கஹாலிலும், மற்றதைச் சில சொட்டுக் காரத்திலும் கரைத்த பிறகுதான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நேரே தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்கிவிடும். கரைசலில் நனைத்த பஞ்சைத் தடவிய உடனே காம்படியில் ஒற்றி வையுங்கள். அடுத்த இரண்டு, மூன்று நாளும் நனையுங்கள். அந்தச் செடியில் தானாகப் பிடித்த மற்ற காய்களைக் கிள்ளிவிடுங்கள். சத்துக்குப் போட்டி இருந்தால் செடி முதலில் உதறுவது கலப்புக் காயைத்தான்.

ஒன்று கவனம். இந்த மருந்து காயை நிறுத்துமே தவிர கருவை வளர்க்காது. உருண்டு திரண்ட காயைப் பிளந்தால் உள்ளே சொத்தை விதையாக இருக்கலாம். எண்ண வேண்டியது நிறைந்த விதையைத்தான், காயை அல்ல. அனாமலம் போன்ற தூர இனம் என்றால் விதை ஊட்டத்திசு முன்பே கரைந்துவிடும். தடவிய 3 முதல் 5 நாளில் சூலைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதுதான் வழி. ஆர்மூரியானத்தில் செடியிலேயே முயன்று பார்க்கலாம்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

கால்ச்சிசின் பற்றி ஒரு கேள்வி. வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு தாராளம். அதிலிருந்துதானே கால்ச்சிசின்? கிழங்கை அரைத்துத் தடவினால் என்ன?

நுண்ணோக்கி

வேண்டவே வேண்டாம் அண்ணே. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் இருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கிழங்கிலும் அளவு வேறு. அரைத்த விழுதில் என்ன அடர்த்தி என்று கண்டுபிடிக்க முடியாது. கூடினால் நுனி கருகும், குறைந்தால் ஒன்றும் ஆகாது. அதைவிட, அது உயிரைக் குடிக்கும் நஞ்சு. அம்மியிலோ மிக்சியிலோ அரைத்துவிட்டு அதே பாத்திரத்தைச் சமையலுக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆய்வுக்கூடத் தூளில் 0.1 முதல் 0.2 சதவீதக் கரைசல் போதும். கையுறை, கண்ணாடி கட்டாயம். நாற்றில் இரண்டு உண்மை இலை வந்ததும் நுனிமொட்டில் சின்னப் பஞ்சு வைத்து, காலையும் மாலையும் சொட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் வளர்ச்சி நின்றது போல இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு தடித்த, கரும்பச்சை, சற்றுக் கோணலான இலையோடு ஒரு கிளை கிளம்பும். அந்தக் கிளை மட்டும் இரட்டித்து மற்றது பழையபடியே இருப்பது சாதாரணம். கிளைக்குக் கிளை இலைத்துளைக் காவல் செல்லின் அளவைப் பாருங்கள், பெருத்திருக்கும். உறுதி செய்ய, சிறிய சப்பைகளைக் காலையில் பறித்து, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் ஒரு நாள் போட்டு, அசிட்டோகார்மைனில் நசுக்கி எண்ணுங்கள். மகரந்தத்தையும் அதே சாயத்தில் பார்க்கலாம்: உருண்டையாகச் சிவந்தது உயிருள்ளது, வெளிறிச் சுருங்கியது சக்கை.

சப்பைக்காவலன்

பூச்சிப் பக்கம் நான் சொல்கிறேன். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: இலையடி மயிரைப் பார்த்தே தத்துப்பூச்சித் தாங்குதிறனைத் தேர்வு செய்வது. ஹிர்சூட்டத்திலும், டொமென்டோசம் என்ற காட்டு இனத்திலும் அது ஓரளவு செல்லும். நீண்ட, நெருக்கமான மயிர் இருந்தால் பூச்சி நரம்புக்குள் முட்டையைச் செருக முடியாது. ஆனால் ஆர்மூரியானம் வழவழ இலை. அதன் தாங்குதிறன் மயிரில் இல்லை. பிற்கலப்புச் செடிகளில் மயிருள்ளதை வைத்துக்கொண்டு வழவழப்பைப் பிடுங்கி எறிந்தால், தேடிப்போன குணத்தையே எறிகிறோம். வழவழப்பில் இன்னொரு லாபமும் உண்டு: வெள்ளை ஈ குறையும், பஞ்சில் இலைத்தூசி ஒட்டாது. ஆர்மூரியானத்தில் பச்சைச் செதில் தானே உதிர்ந்துவிடும், அது வந்தால் பஞ்சு இன்னும் சுத்தம்.

எனவே பாதிப்பைப் பார்த்தே தேர்வு செய்யுங்கள். சோதனை வயலைச் சுற்றியும், பத்து வரிசைக்கு ஒன்றாகவும், பதினைந்து நாள் முன்பே வெண்டை போடுங்கள். பூச்சி பெருக அதைவிட நல்ல செடி இல்லை. மருந்தே அடிக்கக் கூடாது. பருத்தி முப்பது, முப்பத்தைந்து நாள் ஆனதும் வெண்டையைப் பிடுங்கி வரிசைகளுக்கு இடையிலேயே கிடத்துங்கள், குஞ்சுகள் பருத்திக்கு ஏறும். பிறகு வாரம் ஒருமுறை, வெயில் ஏறும் முன், செடிக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இலையில் குஞ்சுகளை எண்ணுங்கள். சாகுபடி வயலில் இலைக்கு இரண்டு என்பது மருந்தடிக்கும் எல்லை; சோதனையில் எண்ணுவதோடு சரி. கூடவே இலைக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண்: சுத்தமான இலை 1, ஓரம் சுருண்டு மஞ்சளித்தால் 2, செம்பு நிறம் பரவினால் 3, கருகினால் 4. குஞ்சு எண்ணிக்கை குறைவாக இருந்து மதிப்பெண் கெட்டிருந்தாலும், குஞ்சு அதிகம் இருந்து இலை சுத்தமாக இருந்தாலும் குறித்து வையுங்கள். இரண்டும் வேறு வேறு குணம்.

வெண்ணாற்றங்கரை

இந்தச் சோதனையைத்தான் மாசித் தரிசில் வைக்க வேண்டும். மார்கழியில் தடவிய காய் 45, 50 நாளில் வெடிக்கும். விதையைக் கீறி, மாசிக் கடைசியில் ஒற்றை விதையாக 90-க்கு 45 சென்டிமீட்டரில் ஊன்றிவிடலாம். கலப்பு குளிரில், தேர்வு வெயிலில். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை ஓடும், டெல்டா வயலே வடிகட்டும். வைகாசிக்குள் காய் முற்றாத செடியை, தத்துப்பூச்சியை எவ்வளவு தாங்கினாலும், கழித்துவிடுங்கள். ஜூன் மாதம் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால், பிந்திய பருத்திக்கு நம் வயலில் இடம் இல்லை.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

எங்களுக்குத் தத்துப்பூச்சியோடு உப்பும் சேர்ந்த தொல்லை. டேவிட்சோனி என்ற காட்டு இனம் உப்புத் தாங்கும் என்கிறார்களே, அதையும் இதே முறையில் கொண்டுவரலாமா?

நுண்ணோக்கி

தாங்கும், ஆனால் சேராது அண்ணே. டேவிட்சோனியில் உள்ள ஒரு மரபணு, ஹிர்சூட்டம், பார்படென்ஸ் (நீள இழைச் சாகுபடி இனம்) இரண்டோடும் சேர்ந்தால் கலப்பு கருவிலேயோ நாற்றிலேயோ சாகும். கிளாட்ஸ்கியானம் என்ற காட்டு இனத்திலும் இதே கதை. பலர் இது தெரியாமல் கை சரியில்லை என்று எண்ணிப் பூவை வீணாக்குவார்கள். கடலோரத் தீவு நான்மடியங்களைப் பாருங்கள்: ஹவாயின் டொமென்டோசம், கலாபகஸின் டார்வினி. இரண்டுக்கும் 52, இரட்டிக்கவே வேண்டாம், முதல் கலப்பே காய்க்கும்.

இன்னொன்று. வளர்ந்த பருத்திக்கு உப்பு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 7.7 டெசிசைமன் வரை விளைச்சல் குறையாது என்பது பொதுவான அளவுகோல். அடி வாங்குவது முளைப்பும் இளநாற்றும். தேர்வை அங்கே வையுங்கள்: வயலின் உப்பு மண்ணையே தட்டில் நிரப்பி, பத்து நாளில் நிமிர்ந்து நிற்கும் நாற்றை மட்டும் எடுங்கள். கோடை மழையில் தேங்கும் நீர் வேறு சிக்கல், அதை உப்போடு குழப்ப வேண்டாம்.

சப்பைக்காவலன்

டொமென்டோசம் எடுத்தால் தேன்சுரப்பி இல்லாத குணத்தையும் சேர்த்துப் பாருங்கள். தேன்சுரப்பி என்பது இலையடி நடுநரம்பில் இருக்கும் சிறு குழி. அது இல்லாவிட்டால் காய்ப்புழு அந்துப்பூச்சி முட்டையிடுவது குறையும். நாற்றிலேயே கைக்கண்ணாடியில் தெரிந்துவிடும். இரண்டு ஒடுங்கு மரபணு, அதனால் இரண்டாம் தலைமுறையில் 16-க்கு 1. நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமானால் 47 செடி, 99 வேண்டுமானால் 72 செடி வளர்க்க வேண்டும். பிற்கலப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். நான்கில் ஒரு செடிதான் இரண்டையும் சுமக்கும். எனவே குறைந்தது 11 செடியைத் தற்கலப்பு செய்து அடுத்த தலைமுறையில் பாருங்கள். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் அந்தத் தேன்தான் சாப்பாடு என்பதால் வரப்பில் தட்டைப்பயறு இருக்கட்டும்.

திரிநூல் (கும்பகோணம்)

எங்கள் பக்கம் கொல்லையில் விளக்குத்திரிக்கு வைத்திருக்கும் மரப்பருத்தி எந்தப் பூச்சிக்கும் அசைவதில்லை. அதைச் சேர்க்கலாமா? வாய்க்கால் கரைப் பூவரசும் பருத்திப் பூ மாதிரியே பூக்கிறதே?

வெண்ணாற்றங்கரை

பூவரசு பருத்தியின் குலம்தான். மஞ்சள் பூ, அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு, மாலையில் செம்மை ஏறுவது எல்லாம் ஒன்றுபோல. ஆனால் பேரினம் வேறு, சேராது.

கொல்லைச் செடி என்ன இனம் என்று முதலில் பாருங்கள். சப்பையை மூடிய பச்சைச் செதிலைப் பிரித்து வையுங்கள். அகலத்தைவிட நீளம் கூடுதலாக, மூன்று நான்கு பல்லோடு சப்பையை ஒட்டி மூடியிருந்தால் ஆர்போரியம், 26. பத்துக்கு மேல் நீண்ட கிழிசல் பல் இருந்து, பூ நல்ல மஞ்சளாக, இதழடியில் சிவப்புப் பொட்டு, காயில் கரும்புள்ளிக் குழிகள் இருந்தால் பார்படென்ஸ், 52. ஓர் அறையின் விதைகள் சிறுநீரகம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை. பார்படென்ஸ் என்றால் நேராகச் சேரும், ஆனால் பிந்திக் காய்க்கும், தரிசுக்கு ஒத்துவராது. ஒற்றை மரம் கொல்லையில் தப்பி நிற்பதை வைத்துத் தாங்குதிறன் என்று முடிவு கட்டாதீர்கள். வெண்டையோடு வயலில் வைத்துப் பாருங்கள்.

தரிசுப்பருத்தி

கடைசியாக இரண்டு. இழைத்தரம் கெடாமல் எப்படிக் கண்காணிப்பது? மும்மடியத்தை மழைக்காலம் தாண்டி எப்படி வைத்திருப்பது?

வெண்ணாற்றங்கரை

ஒவ்வொரு பிற்கலப்பிலும் காட்டுப் பங்கு பாதியாகும் என்பது சராசரிதான்: 25, 12.5, 6.25. நமக்கு வேண்டிய மரபணுவை ஒட்டிய துண்டு மட்டும் பிடிவாதமாக நிற்கும். லாங்கிகேலிக்ஸ் என்ற காட்டு இனத்திலிருந்து, வேரைத் தாக்கும் மொச்சை வடிவ நூற்புழுவுக்கான எதிர்ப்பைக் கொண்டுவந்த லான்ரென் வரிசைகளை 2007-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நூற்புழு மிகுந்த வயலில் அந்தச் செடிகளே குன்றிப்போயின. அதனால் குணம் வந்ததும் நிறுத்தாமல், குணம் உள்ளவற்றில் பத்து இருபதை வைத்து இழையைப் பாருங்கள். நடுக்காயின் ஒரு விதையை எடுத்து, பஞ்சை இருபக்கமும் சீப்பால் வாரிக் கருப்புத் துணியில் படுக்கவைத்தால் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல விரியும். நுனிக்கு நுனி அளந்து பாதியாக்குங்கள். தாய் ரகத்தை அதே நாளில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். 100 கிராம் பருத்தியில் பஞ்சு எத்தனை கிராம், 100 விதை எடை எவ்வளவு என்பதும் வேண்டும். காட்டு இனம் முதலில் கெடுப்பது அரவைப் பஞ்சைத்தான்.

மும்மடியத்தை நிலத்தில் விடாதீர்கள், கார்த்திகை வெள்ளத்தில் வேர் அழுகும். அடியில் துளையிட்ட 200 லிட்டர் பீப்பாயைப் பாதியாக வெட்டி, மணல் கலந்த வண்டலில், திண்ணை உயரத்தில் வையுங்கள். புரட்டாசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, வெட்டிய நுனிகளை ஹிர்சூட்டம் நாற்றில் ஆப்பு ஒட்டு கட்டிக் குறைந்தது மூன்று பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்றை வேறு ஊரில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டின் கீழே துளிர்க்கும் தாய்க்கட்டைத் துளிரை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். மறந்தால் ஆறு மாதத்தில் நிற்பது வெறும் ஹிர்சூட்டமாகத்தான் இருக்கும்.